திருத்தந்தையை எரித்த துறைமுகம்



நவம்பர் 5 வரும்போதெல்லாம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் என் நினைவுக்கு வருகிறது. அந்நாடு ஆங்கிலேய ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், ஆண்டுதோறும் இதே நாளில் அத்துறைமுகத்து மக்கள் திருத்தந்தையின் உருவப் பொம்மையைத் தீயிட்டு எரித்தார்கள். பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. ஓர் ஊருக்குள் வெறுப்பு எவ்வாறு குடிபுகுகிறது, எவ்வாறு வெளியேறுகிறது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1765ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாஸ்டனில் சுமார் 15,500 பேர் வாழ்ந்தனர். ஏறத்தாழ நாற்புறமும் கடல். நிலத்தோடு இணைத்தது ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு மட்டுமே. கப்பல் கட்டும் தச்சர், கயிறு திரிப்போர், பாய் தைப்போர், பீப்பாய் செய்வோர், மாலுமிகள், அடிமைகள் என ஊர் முழுவதும் கடலை நம்பியே பிழைத்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த வெல்லப்பாகு இங்கே ரம் மதுவாக வடிக்கப்பட்டது. எனினும், அப்பகுதியின் செல்வத்துக்கு அடிப்படை 'காட்' என்னும் மீனை உப்பிட்டுக் காயவைத்த கருவாடே. அதில் உயர்ந்த தரம் ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் சென்றது. மிகத் தாழ்ந்த தரம் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு உணவாக அனுப்பப்பட்டது.

ஸ்பெயினும் போர்த்துகலும் அவ்வளவு கருவாட்டை வாங்கியது ஏன்? வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் கத்தோலிக்கர் இறைச்சியைத் தவிர்த்ததே முக்கியக் காரணம். நம் முன்னோரின் ஒறுத்தல் பாஸ்டன் வணிகரின் பணப்பெட்டியை நிரப்பியது. அதே பாஸ்டனை உள்ளடக்கிய மாசசூசெட்ஸில் 1700ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற வேண்டும். மீறித் தங்குவோருக்கு வாழ்நாள் சிறை. சிறையிலிருந்து தப்பிப் பிடிபட்டால் மரண தண்டனை. ஆகவே திருத்தந்தையை எரித்த அம்மக்களுள் பெரும்பாலோர் ஒரு குருவைக்கூட நேரில் கண்டிருக்க வழியில்லை.

1605ஆம் ஆண்டு கத்தோலிக்கர் சிலர் இலண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்தனர். அது முறியடிக்கப்பட்ட நாளே நவம்பர் 5. பாஸ்டனில் அன்று சிறுவர்கள் மணியடித்தவாறு வீடு வீடாகச் சென்று காசு கேட்பார்கள். கொடுக்க மறுத்த வீட்டின் சன்னல் கண்ணாடி உடையும். நம் ஊர்ச் சப்பரம் போன்ற பெரிய வண்டிகளில் திருத்தந்தையும் சாத்தானும் உருவங்களாக அமர்ந்திருப்பர். வடக்குப் பகுதிக்கு ஒரு வண்டி, தெற்குப் பகுதிக்கு ஒரு வண்டி. இழுத்துச் சென்றவர்கள் தொழில் பழகும் இளைஞர்கள், மாலுமிகள், கூலித் தொழிலாளர்கள். சொத்து இல்லாததால் அவர்களுள் பலருக்கு வாக்குரிமை இல்லை. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே தெரு அவர்களுடையது. மாலையில் இரு பகுதியினரும் மோதுவர். வென்றவர் தோற்றவரின் பொம்மையையும் பறித்து எரிப்பர்.

1764ஆம் ஆண்டு வடக்குப் பகுதி வண்டியின் சக்கரத்தில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். அதிகாரிகள் அந்த வண்டியின் பொம்மையைச் சிதைத்தார்கள். மக்களோ அதைச் சீர்செய்து மாலையில் வழக்கம்போல் மோதினார்கள். ஒரு குழந்தையின் இறப்பும் விழாவை நிறுத்தவில்லை.

மறு ஆண்டு அரசியல் அத்தெருவுக்குள் நுழைந்தது. செய்தித்தாள், வழக்குப் பத்திரம், சீட்டுக்கட்டு வரை இலண்டன் முத்திரை வரி விதித்தது. 1765 ஆகஸ்டில் வரி முத்திரைகளை விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவப் பொம்மை மரத்தில் தொங்கவிடப்பட்டது. துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மாளிகை சூறையாடப்பட்டது. கூட்டத்தின் முன்னணியில் நின்றவர் தெற்குப் பகுதியின் தலைவரான எபனேசர் மேக்கின்டாஷ் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று இரு பகுதியினரும் சண்டையின்றிச் சேர்ந்தே ஊர்வலம் சென்றனர். பகைவர் நண்பராயினர், ஆனால் பொம்மைகள் எரியாமல் இருக்கவில்லை. பொது எதிரி கிடைத்ததால் வந்த சமாதானம் அது.

1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயப் படைவீரர் கூட்டத்தின்மீது சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் அயர்லாந்துக்காரரான பேட்ரிக் கார். ஒன்பது நாள் வேதனைப்பட்டு இறந்த அவர், வீரர்கள் நெடுநேரம் பொறுமை காத்துத் தற்காப்புக்காகவே சுட்டனர் என்றும், தம்மைச் சுட்டவர்மீது தமக்குப் பகையில்லை என்றும் மருத்துவரிடம் கூறினார். வீரர்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸுக்கு அச்சாட்சியம் துணைநின்றது, அறுவர் விடுதலையாயினர். அவருடைய உறவினரான சாமுவேல் ஆடம்ஸோ, கார் ஒரு கத்தோலிக்கர் எனச் சுட்டி அச்சொற்களின் மதிப்பைக் குறைக்க முயன்றார். காரின் சாவு அரசியலுக்குப் பயன்பட்டது. அவருடைய மன்னிப்பு பயன்படவில்லை.

பின்னர் போர் வந்தது. 1775 நவம்பர் 5 அன்று தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் திருத்தந்தையின் உருவத்தை எரிக்கக்கூடாது எனக் கட்டளையிட்டார். கனடாவின் கத்தோலிக்கரது ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. 1778இல் கத்தோலிக்க நாடான பிரான்சு நட்பு நாடாயிற்று. தலைமுறை தலைமுறையாக வளர்த்த பகையைச் சில ஆண்டுத் தேவை தளர்த்திவிட்டது.

1788 நவம்பர் 2 அன்று பாஸ்டனில் முதன்முறையாகப் பொதுவில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. அந்தக் கட்டடத்தை முன்பு எழுப்பியவர்கள் யார் தெரியுமா? பிரான்சில் கத்தோலிக்க அரசனின் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகெனோ சீர்திருத்த சபையினர். இதை நாம் மறைக்கலாகாது. துன்புறுத்தியோர் பட்டியலில் நம் பெயரும் உண்டு. 1803இல் அந்நகரின் திருச்சிலுவை ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. அதை வடிவமைத்த சார்லஸ் புல்ஃபிஞ்ச் ஒரு புராட்டஸ்டாந்தர். நன்கொடை அளித்த புராட்டஸ்டாந்தருள் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் இருந்தார். ஒரு கத்தோலிக்கரின் இறுதிச் சொற்களை நீதிமன்றத்தில் மதித்த அதே மனிதர்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு, முன்பின் அறியாதவர்களால் வெறுக்கப்படுவது எத்தகையது என்பது ஓரளவு தெரியும். ஆயினும் நம் இல்லங்களிலும் குழுக்களிலும் நாமும் சிலரைப் பொம்மையாக்கி வண்டியில் ஏற்றுகிறோம். அவர்களுள் எத்தனை பேருடன் ஒரு முறையேனும் அமர்ந்து பேசியிருக்கிறோம்? இன்றிரவு செபிக்கும்போது இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.