பழைய சின்ன மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம்: அழிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பெரியம்மாவின் மடிக்கணினிக்கு 10 அங்குலத் திரை. நாங்கள் மீள்குடியேறிய காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் மாமா கொடுத்தனுப்பியது. அண்ணாவைத் தேடிப் பெரியம்மா எழுதிய கடிதங்களை எல்லாம் தங்கச்சி அதில்தான் தட்டச்சு செய்தாள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, 2013 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தது என்று எல்லாம் அதற்குள் இருந்தன. அண்ணாவின் பாடசாலைக் காலப் படமும் இருந்தது.

தங்கச்சி கலியாணம் முடித்துப் போய்விட்டாள். கணினியும் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்தது. கடையில் காட்டியபோது, "போர்மட் அடிச்சுப் புதுசு போட வேணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, புதுசு போட்டா உள்ளுக்கு இருக்கிற அண்ணான்ரை படம் போயிடுமோ?"

முதலில் பிரதி எடுக்காவிட்டால் போய்விடும். இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால், நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இந்தக் கணினி எப்படிப்பட்டது?

2008 அளவில் வந்த இந்தச் சின்ன மடிக்கணினிகள் பலவற்றில் இன்டெல் அட்டம் என்270 புரொசசர், 1 ஜிபி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவையே இருந்தன. பெரியம்மாவினதும் என்270 தான். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. இன்றைய இணையத்தளங்கள் பல அதில் திறக்காது.

விண்டோஸ் 11 இதற்குச் சரிவராது. அதற்கு 64 பிட் புரொசசரும், 4 ஜிபி நினைவகமும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என்270 வெறும் 32 பிட். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. எனவே நான் லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் 12 ஐத் தேர்ந்தேன். இது இலவசம். டெபியனில் 32 பிட் கணினிக்கான நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு இதுதான். 13 ஆம் பதிப்பில் அது இல்லை.

உங்களுடையது என்450, என்455 போன்றதாக இருந்தால் 64 பிட் பதிப்பும் ஓடும். புரொசசரின் பெயரை எக்ஸ்பியில் மை கொம்பியூட்டரின் மேல் வலப்பக்கம் அழுத்தி, புரொப்பர்ட்டீஸில் பார்க்கலாம்.

முதலில் பிரதி

இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டாலும் ஃபைலை விடாமல் தூக்கியவர்கள் நாங்கள். கணினியிலும் அதே கவனம் வேண்டும். எக்ஸ்பி இன்னும் திறக்கிறது என்றால், அழிப்பதற்கு முன் இவற்றை எடுங்கள்:

1. மை டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், டி டிரைவ் எல்லாவற்றையும் முழுமையாக எடுங்கள். எது முக்கியம் என்று தெரிவு செய்துகொண்டிருக்க வேண்டாம்.

2. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி எழுத்துருவை எடுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் மறக்கிறார்கள்.

3. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றின் பெயர்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ட்ரைவர் தேடும்போது உதவும்.

இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். எடுத்தவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. எக்ஸ்பி திறக்கவே இல்லை என்றால், அன்டிஎக்ஸ் போன்ற 32 பிட் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வன்தட்டைத் தொடாமல் கோப்புகளை எடுக்கலாம்.

நிறுவுதல்

வேறொரு கணினியில் டெபியன் 12 இன் 32 பிட் நிறுவியை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதினேன். கணினியைப் போட்டவுடன் எஃப்2, எஃப்10, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்று பென்டிரைவிலிருந்து தொடங்கும் பட்டியலைக் காட்டும். எது என்பது தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். இந்தக் கணினிகளின் பற்றரி பெரும்பாலும் செத்திருக்கும். நடுவில் மின்சாரம் போனால் வேலை பாதியில் நிற்கும். எனவே யூபிஎஸ்ஸில் கொழுவினேன். இரண்டாவது, உள்ளே இருக்கும் நாணய வடிவப் பற்றரியும் முடிந்திருக்கலாம். அப்போது திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும்; இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பிழை காட்டும். முதலில் திகதியைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது, திரைச்சூழலாக எல்எக்ஸ்டிஈ அல்லது எல்எக்ஸ்கியூடி போன்ற இலேசான ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். 1 ஜிபி நினைவகத்துக்கு மற்றவை பாரம்.

ட்ரைவர்கள்

வாகனம் இருந்தாலும் சாரதி இல்லாமல் ஓடாது. அதுபோல வைஃபை அட்டை, ஒலி, திரை ஒவ்வொன்றையும் இயக்க இயங்குதளத்துக்கு ஒரு ட்ரைவர் வேண்டும். விண்டோஸில் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்ட பழக்கம் நமக்கு. லினக்ஸில் பெரும்பாலானவை கேர்னலுக்குள்ளேயே வருகின்றன. பெரியம்மாவின் கணினியில் திரை, ஒலி, கமரா மூன்றும் நான் ஒன்றும் செய்யாமலே வேலை செய்தன.

வைஃபை மட்டும் வரவில்லை. நான் எடுத்து வைத்த படத்தில் அதன் பெயர் புரோட்கொம் 4312 என்று இருந்தது. இதற்கான ட்ரைவர் கேர்னலில் இருக்கிறது. ஆனால் அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபேம்வெயாரை உரிமக் காரணத்தால் டெபியன் தன்னோடு தர முடியாது. இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வைஃபை இல்லாமல் இணையம் எப்படி? ரவுட்டரிலிருந்து கேபிள் கொழுவலாம். அல்லது கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, டெதரிங் போடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். பிறகு மென்பொருள் மூலங்களில் கொன்ட்ரிப் பகுதியை இயக்கி, பி43 ஃபேம்வெயார் நிறுவியைப் போட்டு மீளத் தொடங்கியதும் வைஃபை வந்தது.

திரையின் உயரம் 600 புள்ளிகள்தான். சில பெட்டிகளின் கீழே உள்ள பொத்தான் தெரியாது. ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் பெட்டியை மேலே இழுத்தால் தெரியும்.

பாமினிக் கடிதங்கள்

எல்லாம் முடிந்து கடிதத்தை லிப்ரே ஒஃபிஸில் திறந்தபோது பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. தமிழ் ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்துகள்தான், குற்று வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. கடிதம் அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் எழுத்துரு; அது இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் தெரியும். எடுத்து வைத்த எழுத்துருவைப் போட்டு, மீளத் திறந்ததும் கடிதம் வந்தது. உடனே பிடிஎஃப் ஆகவும் சேமித்தேன். அது எழுத்துரு இல்லாத கணினியிலும் அப்படியே தெரியும்.

தேடவும் திருத்தவும் வசதியாக யுனிகோடுக்கு மாற்றுவது நல்லது. ஆனால் இந்தக் கடிதங்களில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், சாட்சிகளின் பெயர் எல்லாம் உண்டு. அவற்றை அறியாத இணையத்தளத்தில் ஒட்டாதீர்கள். மாற்றிப் பக்கத்தைத் திறந்த பின் இணையத்தைத் துண்டியுங்கள். அப்போதும் அது மாற்றித் தந்தால், வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. முடிந்ததும் பக்கத்தை மூடிய பிறகே இணையத்தை இணையுங்கள்.

மாற்றியதை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் வரும் ஆங்கில 'வி', மாற்றியபோது 'ஏ' ஆகியிருந்தது. மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இனி இது எதற்கு உதவும்?

கடிதம் எழுத, படம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப இது போதும். யூடியூப்புக்கும் சூமுக்கும் இது ஆகாது. இணைய உலாவியில் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் திறந்தால் திணறும். டிடிஆர்2 நினைவகத்தை 2 ஜிபியாக உயர்த்தினால் கொஞ்சம் மூச்சு விடும்.

பெரியம்மா அண்ணாவின் படத்தைப் பார்த்தார். பிறகு கடைசிக் கடிதத்தைத் திறக்கச் சொன்னார்.

"திகதியை மட்டும் மாத்து தம்பி. மிச்சமெல்லாம் அப்பிடியேதான்."

மாற்றிக் கொடுத்தேன். ஒரு பென்டிரைவ் அவர் வீட்டில் இருக்கிறது, மற்றது என்னிடம்.