செட்டிபாளையத்தார் பெயரில் ஒரு நாடா

1971 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் கார்னகி ஹாலில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி. நிதி யாருக்கு என்று பார்த்தால் நம் ஊர்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் ராமசாமியாகப் பிறந்து, பத்தமடைக்காரரான சிவானந்தரிடம் துறவு வாங்கி, இலங்கையில் பல வருடம் இருந்துவிட்டு 1966-ல் அமெரிக்கா போனவர் சுவாமி சச்சிதானந்தர். 1969-ல் உட்ஸ்டாக் இசைவிழாவைப் பேசித் தொடங்கிவைத்த தாடிக்காரர் அவர்தான். அவருடைய யோக நிலையத்துக்காகத்தான் அன்று டிக்கெட் விற்றார்கள்.

மேடையேறியவர்களில் ஒருவர் ஆலிஸ் கோல்ட்ரேன். கணவர் ஜான் கோல்ட்ரேன், ஜாஸின் பெரிய சாக்ஸபோன் வித்வான், 1967-ல் நாற்பது வயதில் போய்விட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவித்த காலத்தில் ஆலிஸுக்குப் பற்றுக்கோடாக அமைந்தவர் சச்சிதானந்தர். 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று குருவின் பெயரிலேயே ஒரு தட்டு போட்டார்; அது அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது.

கார்னகி மேடையில் அவர் சேர்த்திருந்த கூட்டம் அசாத்தியமானது. ஃபரோவா சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப் என்று சாக்ஸபோனுக்கு இரண்டு பேர். ஜிம்மி கேரிசனும் செசில் மெக்பீயும் பாஸ். எட் பிளாக்வெல், கிளிஃபர்ட் ஜார்விஸ் டிரம்ஸ். இது போதாதென்று ஒரு தம்புராவும் ஆர்மோனியமும். ஆலிஸ் முதல் இரண்டு உருப்படிகளை ஹார்ப்பில் வாசித்தார்: குருவின் பெயர் கொண்டதும், 'சிவலோகா'வும். பிறகு பியானோவுக்கு மாறி, கணவர் இயற்றிய 'ஆப்பிரிக்கா', 'லியோ' இரண்டையும் எடுத்தார். 'ஆப்பிரிக்கா' மட்டுமே அரை மணியைத் தொடும். கச்சேரியின் முதல் பாதி தியானம் என்றால் பின்பாதி சாமி வந்து ஆடுவது.

நாடாவின் கதை இங்கே தொடங்குகிறது. இம்பல்ஸ் கம்பெனி அன்றைய வாசிப்பைத் தட்டாகப் போடும் எண்ணத்தோடுதான் ஒலிப்பதிவு செய்தது. தயாரிப்பாளர் எட் மிஷல். நான்கு தடங்களில் பதிந்தார்கள். தடம் தனித்தனியாக இருந்தால் பின்னால் ஒரு சௌகரியம் உண்டு: எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று ஸ்டுடியோவில் நிதானமாக முடிவு செய்யலாம். ஆனால் இம்பல்ஸின் முதலாளியான ஏபிசி நிறுவனத்துக்கு இது விற்கும் சரக்காகத் தெரியவில்லை. நாடா அலமாரிக்குப் போனது. 1979-ல் ஏபிசியின் இசைப்பிரிவை எம்சிஏ வாங்கியது. அதுவும் பின்னால் யுனிவர்சல் ஆனது. கம்பெனி கை மாறும்போது பெட்டிகள் லாரி ஏறி இறங்கும். யாரும் கேட்காத பெட்டிதான் முதலில் தொலையும். நான்கு தட மூலமும் எப்படியோ இல்லாமல் போனது.

தப்பியது எது? கலவை எப்படி இருக்கும் என்று போட்டுக் கேட்பதற்காக நான்கு தடத்தை இரண்டாகச் சேர்த்து எடுத்த ஒரு பிரதி. வேலைக்காக எடுத்தது, வெளியிடுவதற்காக அல்ல.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், எண்பதுகளில் அது மூன்று விதமாக கேசட்டில் ஏறும். கூட்டத்தில் உட்கார்ந்து மடியில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவது ஒன்று. அதில் ராஜபார்ட்டின் பாட்டோடு கடலை விற்பவரின் குரலும் குழந்தை அழுகையும் சேர்ந்தே வரும். மைக்செட்காரரைப் பிடித்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் எடுப்பது இரண்டாவது. பாட்டும் ஆர்மோனியமும் துல்லியமாக விழும். ஆனால் மைக் எட்டாத மிருதங்கம் எங்கோ கிணற்றுக்குள் இருக்கும். மூன்றாவது, இந்த இரண்டில் ஒன்றை வாங்கி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் போட்ட நகல், அந்த நகலின் நகல். உலகம் முழுவதும் கச்சேரிப் பதிவுகளைத் தேடுகிறவர்கள் வகைபிரிப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். அவர்களுக்கு வானொலி ஒலிபரப்பிலிருந்து பிடித்தது என்று இன்னொரு வகையும் உண்டு.

அந்தக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. சாரல் காலத்து ஈரம் ஏறி, நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற துக்குனூண்டு பஞ்சு உதிர்ந்திருக்கும். அதை மாற்றி ஓடவிட்டால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக இருக்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. பாட்டு ஓடும்போதே ஸ்க்ரூடிரைவரால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும். பதிந்த கருவியின் ஹெட் நின்ற சாய்வுக்கு நம் ஹெட்டும் வந்து நின்றதும் ஜால்ரா பளிச்சென்று திறக்கும். பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இது கைவந்த வித்தை. பெரிய கம்பெனிகளின் பளபளப்பான மறுவெளியீடுகளில்கூட இந்தத் திருகைத் தொடாமல் ஏற்றியிருப்பார்களோ என்று சந்தேகப்பட வைக்கும் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன்.

நகலுக்கு நகல் இரைச்சல் கூடும். அதனால் மூலமே உசத்தி, நகல் மட்டம் என்று நினைக்கத் தோன்றும். பள்ளத்தாக்கின் அனுபவம் வேறு. பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்ததே 1963-ல்தான். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மலையேறி எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார் பாவலர் வரதராஜன். கூடவே போன பண்ணைப்புரத்துச் சிறுவன்தான் பிறகு இளையராஜா. அந்த நாளில் அங்கே யார் கையில் டேப்ரெக்கார்டர் இருந்தது? அதற்குப் பிந்தைய நாடகங்களும் கச்சேரிகளும் இன்று காதில் விழுகின்றன என்றால், சொந்த ஆசைக்காக யாரோ போட்டுவைத்த இரண்டாவது மூன்றாவது நகல்களால்தான்.

அதிர்ஷ்டம் செய்த நாடாக்களும் உண்டு. 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் 'சக்தி' குழு வாசித்தது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். கொலம்பியா கம்பெனி மறுவருடமே அதைத் தட்டாகப் போட்டுவிட்டது. 1976, இங்கே குழாய் ரேடியோவெல்லாம் 'அன்னக்கிளி' பாடிய வருடம். ஆனால் தட்டுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 29 நிமிடம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் சௌகரியம். அதற்கு மேல் போனால் கோடுகளை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி விக்கு எழுப்பும் அடிநாதம்தான் முதலில் மெலியும். அந்தத் தொல்லை இல்லாத குறுந்தட்டு வந்தபோது கச்சேரியைத் திரும்ப எடுக்க நாடா பத்திரமாக இருந்தது.

கார்னகி நாடாவுக்கு அந்த யோகம் இல்லை. இடையில் 'ஆப்பிரிக்கா' மட்டும் அனுமதியில்லாத தட்டாக வெளியே கசிந்தது. முழுக் கச்சேரியை இம்பல்ஸே வெளியிட 2024 மார்ச் வரை, ஐம்பத்து மூன்று வருடம் ஆயிற்று. மூலம் தொலைந்தது, இது இரண்டு தடப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதற்காகவே எனக்கு அந்த வெளியீட்டின் மேல் மரியாதை. 'மூல நாடாவிலிருந்து' என்று பொத்தாம்பொதுவாக அட்டையில் அச்சடித்து விற்கிறவர்கள்தான் அதிகம். எத்தனையாவது மூலம் என்று சொல்வதில்லை. இரண்டு தடத்தில் ஹார்ப் மற்ற வாத்தியங்களுக்குள் முங்கினால், தனித் தடம் இருந்தால் தூக்குவதுபோலச் சுத்தமாகத் தூக்குவது கடினம். இருந்தும் தம்புரா சுருதியின் மேல் பாஸ் மெல்ல நுழையும் அந்தத் தொடக்கத்தை, நான்கு தடம் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்ற குறையோடு நான் கேட்பதில்லை.

ஆலிஸ் பின்னாளில் துரியசங்கீதானந்தா என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஆன்மிக நிலையம் நடத்தி, பஜனைகளைத் தானே பாடி அடியார்களுக்காக கேசட்டாகப் போட்டார். 1982-ன் 'துரியா சிங்ஸ்' அப்படி வந்தது. அதில் குரலுக்கு மேல் சிந்தசைசரும் வயலின்களும் அடுக்கடுக்காக இருக்கும். அவை சேராத, குரலும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டுமான ஒரு கலவை 2004-ல் அவர் மகன் ரவி கோல்ட்ரேனின் கைக்குக் கிடைத்தது. 2021-ல் அதையே தனி வெளியீடாக்கினார். அம்மா வெளியிட்டதை விட்டு வேலைப் பிரதியை வெளியிடலாமா என்ற கேள்வி எழத்தான் செய்தது. பழைய கேசட்டையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். எது எது என்று எழுதியிருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துக் கேசட்டுகளில் அந்த எழுத்துதான் இருக்காது. 'வள்ளி, 2-ம் பாகம்' என்று பால்பாயிண்ட்டில் கிறுக்கியிருக்கும். ஊரும் இல்லை, வருடமும் இல்லை. கணினியில் ஏற்றும்போது எந்த ஊர்த் திருவிழா, கூட்டத்திலிருந்து பதிந்ததா வயர் எடுத்ததா, எத்தனையாவது நகல் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வருடம் கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். ராஜபார்ட் யார், பஃபூன் யார், மைக்செட் யாருடையது என்று கேட்க வேண்டும். "அன்னைக்கு மழை வந்து பாதியில நின்னுச்சுல்ல, எங்க பெரியவளுக்குக் காது குத்துன வருசம்" என்று யாராவது ஒரு அக்கா தேதியைச் சொல்லிவிடுவார்.