பாஞ்சோ ஓடிய வேகம்

1890-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாஞ்சோ கச்சேரி மேடை ஏறிய வாத்தியம். ஐந்து தந்திகள், பெரும்பாலும் குடல் நரம்பு. மீட்டுவது வெறும் விரல்நுனி. அதற்காக அணிவகுப்பு இசையும் கேக்வாக், வால்ட்ஸ் ஆகிய நடனங்களுக்கான இசையும் ஏராளமாக அச்சேறின.

அந்தத் தாள்களில் மெட்ரோனோம் எண்ணைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நடனத்தின் பெயரே வேகத்தைச் சொல்லிவிடும் காலம் அது. கால்கள் எந்த நடையில் வைக்கப்படும் என்பது வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நடனப் பழக்கம் மறைந்தபின் வேகத்துக்குச் சான்றாக மிஞ்சியவை ஒலிப்பதிவுகள். பாஞ்சோ கலைஞர்களான வெஸ் ஆஸ்மன், ஃபிரெட் வான் எப்ஸ் இருவரின் பதிவுகளும் மூச்சுமுட்ட ஓடுகின்றன. அவர்களின் திறமை மறுக்க முடியாதது. ஆனால் அன்றைய மெழுகு உருளையில் சுமார் 2 நிமிடம்தான் அடங்கும்; அதற்குள் முடிக்க விரைய வேண்டியிருக்கும். இசைத்தட்டுகளின் சுழல்வேகமும் நிலைப்படவில்லை. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயரும், வேகமும் 5 விழுக்காடு கூடும். ஆகவே பதிவை அப்படியே அளவுகோலாகக் கொள்வது தவறு.

அதே காலத்து ராக்டைம் இசையை வேகமாக வாசிக்காதீர்கள் என்று அதன் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் தம் அச்சுப் பிரதிகளிலேயே எச்சரித்தார். அவர் எழுதியது பியானோவுக்கு. பாஞ்சோவின் குடல் நரம்பின் நாதமோ சட்டென்று அடங்கிவிடும். மிக மெதுவாக வாசித்தால் மெட்டு துண்டுதுண்டாகும். விரைந்தால் மெட்டுக்கு அடியில் ஓடும் உள்குரல்கள் கலங்கும்.

லண்டனின் பாஞ்சோ இசையமைப்பாளர் ஜோ மார்லி எழுதியவற்றில் அந்த உள்குரல்களே அழகு. அவை தெளிவாகக் கேட்கும் வேகமே அவர் இசைக்குச் சரியான வேகம்.