ஒன்றரைக் கோடி ஓட்டும் ஒரே ஒரு வேட்புமனுவும்

ஒரு கட்சியோட தலைவரை யார் தேர்ந்தெடுக்கணும்? கொடி கட்டுற தொண்டனா, மண்டபத்துல உட்கார்ந்திருக்கிற பொதுக்குழுவா, கோட்டையில உட்கார்ந்திருக்கிற எம்.எல்.ஏ.வா? பார்க்க சாதாரண கேள்விதான். ஆனா தமிழ்நாட்டு அரசியல்ல பாதி சண்டை இந்த ஒரு கேள்வியிலதான் தொடங்கியிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீயைக் கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

இந்தக் கேள்வியை உலகத்துக்கே கேக்கற மாதிரி கத்திக் கேட்டவங்க அமெரிக்கர்கள். 1968ல் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு ப்ரைமரியில கூட நிக்காமலேயே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவே ரணகளம். அதுக்கப்புறம்தான் மெக்கவர்ன் தலைமையில கமிட்டி போட்டு, சாதாரணக் கட்சிக்காரனோட ஓட்டுக்கு உண்மையான மதிப்பு வர்ற மாதிரி விதிகளை மாத்தினாங்க. 2016ல் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்கு அடுத்த கடுப்பு. மாநாட்டுப் பிரதிநிதிகள்ல கிட்டத்தட்ட 15 சதவீதம் பேர் 'சூப்பர் டெலிகேட்'. கட்சிப் பெருந்தலைகள். இவங்க யார் ஓட்டுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. (நியாயமா சொல்லணும்னா, ஓட்டுல தேர்வான பிரதிநிதிகள் கணக்குலயும் ஹிலாரிதான் முன்னாடி இருந்தார்.) ஆனாலும் கோபம் அடங்கல. கடைசியில 2018ல் விதியை மாத்தி, போட்டி இழுபறியா இருந்தா முதல் சுற்றுல பெருந்தலைகள் ஓட்டுப் போடக் கூடாதுன்னு வச்சாங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

முதல்ல கொஞ்சம் காங்கிரஸ்

எங்க பக்கம், அதாவது ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் - விருதுநகர் வட்டாரத்துல, இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். விருதுநகர் காமராஜருக்கு 103 ஓட்டு, எதிர்த்து நின்ற சி.பி.சுப்பையாவுக்கு 100. மூணே மூணு ஓட்டு வித்தியாசம்! தமிழ்நாட்டு அரசியலோட திசையே மாறுச்சு. ஆனா ஓட்டுப் போட்டது மொத்தம் இருநூத்திச் சொச்சம் பேர்தான்.

1949ல் ராஜபாளையத்துக்காரர் பூ.ச.குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வர் ஆனார். அவரைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்ற காங்கிரஸ் கட்சி. 1952ல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுரிமையோட நடந்த முதல் பொதுத்தேர்தல்ல, முதல்வரா இருந்த அவரே தோத்துட்டார். 375 இடத்துல காங்கிரசுக்குக் கிடைச்சது 152. அடுத்து முதல்வரா வந்தது யாரு? தேர்தல்ல நிக்கவே நிக்காத ராஜாஜி. கவர்னர் நியமனத்துல மேலவைக்கு வந்து முதல்வர் ஆனார். 1954ல் ராஜாஜி விலகினதும் காமராஜருக்கும் சி.சுப்பிரமணியத்துக்கும் போட்டி. அதுலயும் ஓட்டுப் போட்டது சட்டமன்றக் கட்சிதான். 93க்கு 41ன்னு காமராஜர் ஜெயிச்சார்.

இதுல எந்தக் கட்டத்துலயும் நாலணா சந்தா கட்டின தொண்டன்கிட்ட யாரும் நேரடியா கேக்கல. அவனும் எதிர்பார்க்கல. ஏன்னா 'உனக்கு ஓட்டு உண்டு'ன்னு யாரும் அவனுக்குச் சொல்லலை. சொல்லிட்டுக் கொடுக்காம விட்டாத்தானே கோபம் வரும்? அப்படிச் சொன்ன கட்சி ஒண்ணு இருக்கு.

எம்.ஜி.ஆர் வச்ச பூட்டு

1972 அக்டோபர் 8. திருக்கழுக்குன்றம் கூட்டத்துல எம்.ஜி.ஆர் திமுக நிர்வாகிகள்கிட்ட கணக்கு கேட்டார். 10ஆம் தேதி தற்காலிக நீக்கம். 14ஆம் தேதி பொதுக்குழு கூடி நிரந்தரமா நீக்கியாச்சு. 17ஆம் தேதி அதிமுக பிறந்தாச்சு. அடுத்த வருஷம் மே மாசம் திண்டுக்கல் இடைத்தேர்தல்ல மாயத்தேவர் இரட்டை இலையில நின்னு ஜெயிச்சார். திமுக மூணாவது இடம். பொதுக்குழு ஒரு பக்கம், ஜனம் இன்னொரு பக்கம்.

இப்படி ஒரு பொதுக்குழுவால வெளியே அனுப்பப்பட்டவரோட கட்சியில ஒரு வித்தியாசமான விதி இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கணும். மத்த விதிகளைப் பொதுக்குழு திருத்தலாம். இதை மட்டும் திருத்தக் கூடாது, ஏன்னா இதுதான் கட்சியோட அடிப்படைக் கட்டமைப்பு. நம்ம பாஷையில சொன்னா, 'ரீட் ஒன்லி'. அட்மினே நினைச்சாலும் கை வைக்க முடியாது. சொந்த அனுபவம்தான் அந்த விதியை எழுத வச்சுதோன்னு நினைக்காம இருக்க முடியல.

யோசிச்சுப் பாருங்க, இது அமெரிக்க ப்ரைமரியை விட தாராளம். டெலிகேட் கிடையாது, மாநிலக் கணக்கு கிடையாது. உறுப்பினர் கார்டு இருந்தா ஒரு ஓட்டு. அவ்ளோதான்.

ஆனா நடைமுறை? 1987 டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர் மறைஞ்சதும் வாரிசு யாருங்கிறதைக் கார்டு வச்சிருந்தவங்க முடிவு பண்ணல. 97 எம்.எல்.ஏ.க்கள் ஜானகி அம்மா பக்கம். அவர் முதல்வர் ஆனார், ஆட்சி ஒரு மாசம் கூட நிலைக்கல. 1989 ஜனவரி தேர்தல்ல இரண்டு அணியும் தனித்தனியா நின்னு, இரட்டை இலை முடங்கி, திமுக ஆட்சிக்கு வந்தது. அப்போ ஜெயலலிதா அணிக்கு 27 இடம். ஆண்டிப்பட்டியில ஜானகி அம்மாவே தோத்துட்டார். அதாவது, கட்சிக்குள்ள நடக்க வேண்டிய ஒரு ப்ரைமரியை, ஆட்சியைப் பலி கொடுத்துப் பொதுத்தேர்தல்ல நடத்தினாங்க.

அதுக்கப்புறம் ஜெயலலிதா காலம். 2014 ஆகஸ்ட்ல ஏழாவது தடவையா பொதுச்செயலாளர் ஆனார். போட்டியின்றி. விதி அப்படியே இருந்தது, ஓட்டுப்பெட்டிக்குத்தான் வேலை இல்லை. அன்னைக்கு யாரும் பெருசா குறையும் சொல்லல. தேர்தல் வச்சிருந்தாலும் அவர்தான் ஜெயிச்சிருப்பார்னு எல்லாருக்கும் தெரியும். சிக்கலே அங்கதான். பலமான தலைவர் இருக்கும்போது விதி துருப்பிடிச்சா யாருக்கும் தெரியாது. அவர் போனப்புறம்தான் பூட்டைத் திறக்கப் பார்ப்போம்.

பூட்டை உடைக்கல, கதவையே கழட்டிட்டாங்க

2016 டிசம்பர் 5ல் ஜெயலலிதா மறைவு. அந்த மாசம் 29ஆம் தேதி பொதுக்குழு கூடி சசிகலாவைத் தற்காலிகப் பொதுச்செயலாளர் ஆக்கியது. 2017 பிப்ரவரி 7 ராத்திரி ஓ.பன்னீர்செல்வம் மெரினாவுல தியானம். அப்புறம் கூவத்தூர். 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமிக்கு 122 எம்.எல்.ஏ. ஆதரவு. அப்போ நான் கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில நாள் முழுக்க இதே பேச்சுதான். எந்தப் பக்கம் எத்தனை எம்.எல்.ஏ., இன்னைக்கு யாரு தாவினா, நாளைக்கு யாரு தாவுவா. கட்சிக்கு ஒன்றரைக் கோடி உறுப்பினர்னு மேடைக்கு மேடை சொல்வாங்களே, அந்த எண் ஒரு தடவை கூட அந்தக் கணக்குல வரல.

2017 செப்டம்பர் 12. இணைஞ்ச அணிகளோட பொதுக்குழு. இங்கதான் நம்ம துறைக்காரங்க கைதட்டுற மாதிரி ஒரு வேலை நடந்தது. பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கிற முறையை மாத்தினாத்தானே பிரச்சினை? பொதுச்செயலாளர் பதவியையே எடுத்துட்டாங்க! ஜெயலலிதா நிரந்தரப் பொதுச்செயலாளர். அதிகாரம் எல்லாம் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர்னு ரெண்டு புதுப் பதவிக்கு. அந்தப் பதவிகளுக்கு ஆளைப் போட்டதும் பொதுக்குழுவேதான்.

அந்த டிசம்பர்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். இரட்டை இலையை எதிர்த்து சுயேச்சையா நின்ன டி.டி.வி.தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். பொதுக்குழு எண்ணிக்கையும் தெரு எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லைங்கிறதுக்கு இன்னொரு உதாரணம்.

2021 டிசம்பர்ல செயற்குழு கூடி, ஒருங்கிணைப்பாளரையும் இணை ஒருங்கிணைப்பாளரையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒற்றை ஓட்டால ஒண்ணா தேர்ந்தெடுக்கணும்னு விதியைத் திருத்தினாங்க. ஆஹா, ஓட்டு திரும்பி வந்துடுச்சேன்னு பார்த்தா, ஒரு வாரத்துக்குள்ள ஓபிஎஸ் - இபிஎஸ் ரெண்டு பேரும் போட்டியின்றித் தேர்வு. வேட்புமனு வாங்கப் போன ஒரு தொண்டர், தலைமை அலுவலகத்துலயே தன்னைத் தாக்கினதா போலீஸ்ல புகார் கொடுத்தார்.

20 கையெழுத்து

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். 2022 ஜூன் 23, வானகரம் மண்டபம், பாட்டில் வீச்சு. ஜூலை 11, அதே மண்டபம். ஒருங்கிணைப்பாளர் பதவிகள் ரத்து, பொதுச்செயலாளர் பதவி மறுபடியும் உயிர்த்தெழுந்தது, எடப்பாடி இடைக்காலப் பொதுச்செயலாளர், ஓபிஎஸ் நீக்கம். அன்னைக்கே ராயப்பேட்டை அலுவலகத்துல அடிதடி, அலுவலகத்துக்கு சீல்.

ஓபிஎஸ் தரப்பு வாதம்: எங்களைத் தேர்ந்தெடுத்தது ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள், 2,665 பேர் கொண்ட பொதுக்குழு எப்படி எடுக்க முடியும்? இபிஎஸ் தரப்பு வாதம்: செயற்குழு செஞ்ச அந்தத் திருத்தத்தைப் பொதுக்குழு அங்கீகரிக்கவே இல்லை, அதனால அந்தப் பதவிகளே காலாவதி. ரெண்டுமே விதிப்புத்தகத்தைக் காட்டித்தான் பேசிச்சு. 2022 ஆகஸ்ட் 17ல் தனி நீதிபதி ஜெயச்சந்திரன் தீர்ப்பு ஓபிஎஸ் பக்கம், செப்டம்பர் 2ல் இரு நீதிபதி அமர்வு இபிஎஸ் பக்கம், 2023 பிப்ரவரி 23ல் உச்ச நீதிமன்றம் இபிஎஸ் பக்கம்.

இந்தக் கலாட்டாவுல பலரும் கவனிக்காம விட்டது ஒண்ணு இருக்கு. ஜூலை 11ல் பொதுச்செயலாளரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கணும்ங்கிற விதியைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. எம்.ஜி.ஆர் விதிதானே, நல்லதுதானே? ஆனா போட்டியிடறவருக்குப் புதுத் தகுதிகள் சேர்த்தாங்க. பத்து வருஷம் உறுப்பினரா இருக்கணும். தலைமைக் கழகப் பொறுப்புல அஞ்சு வருஷம் இருந்திருக்கணும். முக்கியமா, 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், இன்னொரு 10 மாவட்டச் செயலாளர்கள் வழிமொழியணும்.

கணக்குப் போடுங்க. அப்போ கட்சியில சுமார் 75 மாவட்டச் செயலாளர்கள். ஒருத்தர் ஒரு மனுவுலதான் கையெழுத்துப் போடுவார்னு வச்சுக்கிட்டா, 75ஐ 20ஆல் வகுத்தா அதிகபட்சம் மூணு வேட்பாளர். அதுல பெரும்பாலானவங்க ஒரே பக்கம் இருந்துட்டா? ஒண்ணே ஒண்ணுதான். 2023 மார்ச்ல தேர்தல் அறிவிச்சாங்க. மனு போட்டது எடப்பாடி மட்டும். 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததும், அன்னைக்கே பொதுச்செயலாளர்.

தொண்டனோட ஓட்டை யாருமே பிடுங்கல, கவனிச்சீங்களா? 1972லேர்ந்து இந்த வரலாற்றை வரிசையா படிச்சா, விதிப்புத்தகத்துல இருந்து அவன் பேர் காணாம போனதே கொஞ்ச காலம்தான். மத்த நேரமெல்லாம் ஓட்டு இருக்கு. ஆனா சீட்டுல ஒரே பேர், அதனால சீட்டே அச்சடிக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொண்டனுக்கு, தன் ஓட்டை எண்ற விதத்துல கோபம். நம்ம தொண்டனுக்கு எண்றதுக்கே ஒண்ணும் இல்லை. என்னைக் கேட்டா, ஓட்டுப் போடற உரிமையோட மதிப்பு, எதிர்த்து நிக்கற உரிமையோட மதிப்புதான். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது.

இது ஒரு கட்சி கதை மட்டும் இல்லை. 2022 அக்டோபர் காங்கிரஸ் தலைவர் தேர்தல்ல நிஜமான போட்டி நடந்தது. கார்கே 7,897, சசி தரூர் 1,072. அங்கேயும் ஓட்டுப் போட்டது ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகள்தான், வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கன்னு கேக்க வேண்டி வந்தது. சட்டமும் பெருசா உதவாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவாகற கட்சி ஜனநாயகத்துக்கு உண்மையா இருப்பேன்னு எழுதிக் கொடுக்கணும்னு சொல்லுது. ஆனா உள்கட்சித் தேர்தலை எப்படி நடத்தணும்னு சொல்லலை. விதிமீறினா பதிவை ரத்து பண்ற அதிகாரமும் தேர்தல் ஆணையத்துக்குப் பொதுவா இல்லைன்னு 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அப்போ தொண்டனுக்கு என்ன வழி? எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் 1991ல் ஒரு வழியைக் காட்டிச்சு. ராஜீவ் மறைவுக்குப் பின்னாடி அதிமுக - காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டையே அள்ளிட்டுப் போன தேர்தல், திமுகவுக்கே ரெண்டு இடம்தான். அந்த அலையில எங்க தொகுதி மட்டும், எம்.ஜி.ஆர் காலத்து அதிமுக எம்.எல்.ஏ. தாமரைக்கனியை சுயேச்சையா ஜெயிக்க வச்சு அனுப்புச்சு. 1996ல் அவர் மறுபடியும் இரட்டை இலையில. கட்சிக்குள்ள கேக்காத கருத்தை ஜனம் வெளியில வந்து சொல்லும். ஆனா அது எப்பவும் நடக்காது. 2024ல் ராமநாதபுரத்துல சுயேச்சையா நின்ன ஓபிஎஸ் தோத்தார். அதே தேர்தல்ல அதிமுகவுக்கு ஒரு இடம் கூட இல்லை. ஒருவேளை நிறையப் பேர் யார்கிட்டயும் எதுவும் சொல்லாம வீட்டுலயே இருந்துட்டாங்களோ என்னவோ.

டிஸ்கி: இது ஓபிஎஸ்ஸுக்கோ இபிஎஸ்ஸுக்கோ கொடி பிடிக்கிற பதிவு இல்லை. தேர்தல் வச்சிருந்தா யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு தெரியாது. அந்தத் தெரியாததுக்குப் பேர்தான் தேர்தல். உங்க கட்சியில மனுவுக்கு எத்தனை கையெழுத்து கேக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்த்து ஒரு பட்டியல் போட்டுடலாம்.