ஜேட் செடியின் இலை கொட்டுகிறதா? முதலில் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்!

சீனப் புத்தாண்டு சமயத்தில் வாங்கிய ஜேட் செடி. பளபளவென்று வீட்டுக்கு வந்தது. சில மாதங்களில் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. "செல்வம் தரும் செடியாச்சே, அது வாடினா பணமும் போயிடுமோ?" என்று சிலருக்குப் பதற்றம் வேறு!

பதற வேண்டாம். பெரும்பாலும் பிரச்சினை, நாம் பாசத்தோடு ஊற்றும் தண்ணீர்தான்.

ஜேட் செடியின் தாயகம் தென்னாப்பிரிக்காவும் மொஸாம்பிக்கும். பாறைச் சரிவுகளில் வளர்ந்து பழகியது. தடித்த இலையும் தண்டும் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அதனால் நீர் அதிகம் ஆவியாவதில்லை. அப்படிப்பட்ட செடிக்கு, சிங்கப்பூரின் ஈரக்காற்றில், கறிவேப்பிலைக்கு ஊற்றும்போதெல்லாம் ஒரு குவளை ஊற்றினால்? வேருக்கு மூச்சு முட்டும். பிறகு அழுகும்.

எப்போதுதான் ஊற்றுவது?

"வாரம் ஒருமுறை" என்ற கணக்கெல்லாம் சரிவராது. விரலை மண்ணுக்குள் 5 சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுடுங்க. நன்றாகக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வெளியேறும்வரை ஊற்றுங்கள். டிசம்பர் மழைக்காலத்தில் இடைவெளி இன்னும் நீளும்.

துளை இல்லாத அழகுத் தொட்டி வேண்டவே வேண்டாம். சாதாரண மண்ணில் பாதியளவு பெர்லைட் அல்லது கரடுமுரடான மணல் கலந்தால் தண்ணீர் தேங்காது.

இலை சுருங்கினால்...

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தாகத்திலும் இலை சுருங்கும். வேர் அழுகினாலும் சுருங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாதே! தண்டின் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். கருத்து, மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

அழுகல் என்றால் தாமதிக்காதீர்கள். செடியைப் பிடுங்கி, கருத்த வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி, சில நாள் காயவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். தண்டே போய்விட்டதா? நல்ல கிளை ஒன்றை வெட்டுங்கள். வெட்டிய இடம் ஒரு வாரம் காய்ந்து தோல் கட்டட்டும். அதன்பின் நட்டால் வேர் விடும்.

இலை இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பூச்சி போகும்வரை வாரந்தோறும் செய்யவேண்டும்.

வெளிச்சத்துக்கு எங்கே வைப்பது?

தண்டு மெலிந்து நீண்டு வளர்கிறதா? வெளிச்சம் போதவில்லை. "தெற்கு ஜன்னலில் வையுங்கள்" என்று இணையத்தில் சொல்வது குளிர் நாடுகளுக்கு. பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கும் நமக்குக் காலை வெயில் படும் கிழக்குப் பக்கமே நல்லது. வீட்டுக்குள்ளேயே இருந்த செடியைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

பூக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அதற்குக் குளிர்ந்த, நீண்ட இரவுகள் வேண்டும். நம்ம ஊரில் அது ஏது!

வீவக தாழ்வாரத்தில் வைப்போர் கவனத்துக்கு: நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விடவேண்டும். அது தீப்பாதுகாப்பு விதி. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்ச நீரே போதும். இறுகிப்போன மண்ணையும் கிளறிவிடுங்கள், அதன்மேலும் நீர் தேங்கும்.

வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா? வீவக வீடுகளில் 2024 செப்டம்பரிலிருந்து பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஜேட் செடி இரண்டுக்குமே நச்சு. தின்றால் வாந்தி எடுக்கலாம், சோர்ந்து தள்ளாடலாம். எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்த இலையைக் கண்டால் அதையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.