கட்டி

'கட்டு' என்ற வினைக்கு இறுகுதல், திரளுதல் என்றும் பொருள் உண்டு. அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டும். நெஞ்சில் சளி கட்டும். அப்படித் திரண்டது கட்டி. வெல்லக்கட்டி, பனிக்கட்டி, மண்ணாங்கட்டி எல்லாம் ஒரே குடும்பம். சீழ் பிடித்ததும் கட்டிதான், புற்றும் கட்டிதான். பேச்சுவழக்கு இரண்டையும் பிரிக்காததால் சொல்லைக் கேட்டதுமே வயிறு கலங்குகிறது.

கருப்பையில் வரும் நார்க்கட்டி பெரும்பாலும் பரவாத, சாதாரணக் கட்டி. ஸ்கேன் அறிக்கையில் '5 x 4 x 4 செ.மீ.' என்று இருந்தால் மூன்று கட்டிகள் என்று பதறுவோர் உண்டு. அவை ஒரே கட்டியின் நீளம், அகலம், கனம். மூன்றையும் பெருக்கி, வருவதை 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு: சுமார் 42 மி.லி. முட்டை வடிவத்துக்கான கணக்கு இது. விட்டம் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகிவிடும்!

வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் '12 வார அளவு' என்பார். கட்டியின் வயதல்ல அது. 12 வாரக் கர்ப்பத்தில் இருக்கும் அளவுக்குக் கருப்பை பருத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேன் எடுப்பவர் மாறினாலே சில மில்லிமீட்டர் கூடும், குறையும். அடுத்த முறை போகும்போது பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.