எல்லை கண்ட சிலம்புச்செல்வர்

தமிழகத்தின் எல்லையை வேங்கடமும் குமரியுமாக வகுத்துக் காட்டியவர்கள் புலவர்கள். அவ்விலக்கிய எல்லையை நில அளவை எல்லையாக்க முனைந்து, அம்முயற்சியில் பாதி வென்று பாதி இழந்தவர் ம.பொ.சிவஞானம். விடுதலைப் போராட்ட வீரராகத் தொடங்கி, தமிழின உரிமை இயக்கத்தின் தலைவராக வளர்ந்த அவர் வாழ்வு, நூலறிவு நாட்டு நடப்பை எவ்வளவு தொலைவு நகர்த்தக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் சால்வன்குப்பத்தில் 26.6.1906 அன்று பொன்னுசாமி, சிவகாமி இணையரின் மகனாகப் பிறந்தார். வறுமை அவரை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து பிரித்தது. பின்னர் டாக்டர் வரதராசுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' இதழில் அச்சுக்கோப்பாளரானார். பிறர் எழுதியவற்றை எழுத்து எழுத்தாகக் கோத்த அச்சகமே அவருக்குக் கல்லூரியாயிற்று.

காந்தியடிகளின் அழைப்பு அவரைக் காங்கிரசுக்கு ஈர்த்தது. கள்ளிறக்குவதைத் தொழிலாகக் கொண்ட குலத்தில் பிறந்தும் மதுவிலக்கைப் பரப்பினார். சொந்த மக்களின் சினத்துக்கும் ஆளானார். 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் கைதாகி, வேலூரிலிருந்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்குப் பற்றிய வயிற்று நோய் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. உடலை வாட்டிய சிறையே அவருக்குச் சிலப்பதிகாரத்தில் ஆழ்வதற்கான ஓய்வையும் தந்தது.

சிலம்பை அவர் கற்ற முறை தனித்தன்மையுடையது. பிறர் அதில் கற்பின் சிறப்பையும் ஊழின் வலியையும் கண்டனர். அவரோ சோழ, பாண்டிய, சேர நாடுகள் மூன்றையும் ஒரு கதையால் இணைத்த இளங்கோவடிகளின் நோக்கைக் கண்டார். 1946இல் அவர் நிறுவிய தமிழரசுக் கழகத்தின் கொடியில் வில்லும் புலியும் கயலும் ஒருசேர இடம்பெற்றதன் பொருள் இதுவே. சிலம்புக்கு ஊர்தோறும் விழா எடுத்த அவரைச் 'சிலம்புச்செல்வர்' எனச் சிறப்பித்தவர் ரா.பி.சேதுப்பிள்ளை.

ஆந்திர மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு 15.12.1952 அன்று உயிர் நீத்தார். தனி மாநிலம் அமைவது உறுதியானதும், சென்னை நகர் யாருக்கு என்னும் வினா எழுந்தது. 'தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று முழங்கினார் ம.பொ.சி. மேயர் செங்கல்வராயன் தலைமையில் மாநகராட்சியும் தீர்மானம் நிறைவேற்றியது. முதலமைச்சர் இராசாசியும் உறுதியாக நின்றார். 1.10.1953 அன்று ஆந்திரம் பிறந்தபோது சென்னை தமிழர்க்கே நிலைத்தது. ஆயினும் சித்தூர் மாவட்டம் முழுமையாக ஆந்திரத்தோடு சென்றது.

வடவெல்லைப் போராட்டத்துக்கு நிலம் பண்படுத்தியவர் மங்கலங்கிழார். திருத்தணி வட்டாரத்தில் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்த அந்த ஆசிரியர் இட்ட வித்தே, பின்னர் ம.பொ.சி., விநாயகம் ஆகியோர் நடத்திய கிளர்ச்சியாக முளைத்தது. காங்கிரசா கழகமா என்னும் நெருக்கடி வந்தபோது, 1954இல் ம.பொ.சி. காங்கிரசைத் துறந்தார். முடிவில் படாசுகர் பரிந்துரைப்படி 1.4.1960 அன்று திருத்தணி மீண்டு, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதி கிட்டவில்லை. தணிகை கிடைத்தது, வேங்கடம் இலக்கியத்திலேயே நின்றுவிட்டது. திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பினும், மீட்கப்பட்ட அம்மண்ணை முதலில் ஏற்றுக்கொண்டது செங்கற்பட்டே என்பதை இவ்வட்டாரத்தார் மறத்தலாகாது.

அவரிடம் முரண்பாடுகள் இல்லாமல் இல்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கடுமையாக எதிர்த்த அவர், 1967இல் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் தியாகராய நகரில் நின்று வென்றார். இராசாசியின் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தை ஆதரித்ததும் அவருக்குப் பழி சேர்த்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்தவர், பள்ளி நேரத்தைக் குறைத்த திட்டத்துக்குத் துணைநின்றது வியப்புக்குரியதே. கழகமும் நாளடைவில் தேய்ந்தது. எனினும் அவர் நெடுங்காலம் கேட்ட 'தமிழ்நாடு' என்னும் பெயர் 14.1.1969 அன்று நடைமுறைக்கு வந்தது. கட்சி சிறுத்தது; கருத்து அரசாணையாயிற்று.

'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' அவருக்கு 1966இல் சாகித்திய அகாதெமிப் பரிசைத் தந்தது. 'கப்பலோட்டிய தமிழன்' வ.உ.சி.யை மக்கள் நெஞ்சில் மீண்டும் குடியேற்றியது. சட்ட மேலவைத் தலைவராகவும் விளங்கிய அவர் 3.10.1995 அன்று மறைந்தார்.

தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரில் கவிஞர்கள் கூடும் வேளையில் ம.பொ.சி.யை நினைப்பது பொருத்தமே. அடிகள் சொல்லுக்கு எல்லை கண்டார். இவர் மண்ணுக்கு எல்லை தேடினார். இளங்கோவின் காப்பியத்தை அவர் ஏட்டோடு நிறுத்தியிருப்பின், தணிகைக் குன்றின்மேல் வேறு மாநிலத்தின் கொடி பறந்திருக்கும். கவிதை கற்றோர் தம் கல்வியை எங்கே கொண்டு நிறுத்தப் போகிறார்கள் என்பதே அவர் வாழ்வு விட்டுச்சென்ற வினா.